புனலூர்ப் பெட்டி: ஒரு தட்டும் மூன்று போட்டோவும்

பழைய இசைத்தட்டு சேர்ப்பவர் தனக்குக் கிடைத்ததை நாலு பேருக்குக் காட்டத்தான் செய்வார். அதைப் பீற்றல் என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. பரணில் ஏறி, இருமி, பல்லி எச்சம் துடைத்து ஒரு தட்டை வெளியே எடுத்தவருக்கு, அதைப் பார்த்து "அடேயப்பா" என்று சொல்ல ஆள் வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் சொல்ல மாட்டார்கள். "இன்னும் எத்தனை குப்பையை வாங்கிக் குவிக்கப் போறீங்க" என்பார்கள். அதனால்தான் வாட்ஸாப் குழு.

காட்டுவதில் தப்பில்லை. தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதை மறைத்துவிட்டு, தட்டு கிடைத்த வீட்டைப் பற்றி மறைக்க வேண்டியதைக் காட்டிவிடுகிறோம் என்பதுதான் தொல்லை. எங்கள் குழுவில் 'புனலூர்ப் பெட்டி' என்று இன்றும் பேசப்படும் விவகாரத்தில் நடந்தது அதுதான். குழுவை நடத்துபவர்களில் ஒருவன் என்ற முறையில் தட்டைக் கண்டெடுத்தவர், விற்ற ஆச்சி, ஆச்சியின் மகன் ஆகிய மூன்று பேரிடமும் பேசிவிட்டு இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று மூவருமே சொல்லிவிட்டார்கள்.

பின்னணி

எங்கள் குழுவில் மலைக்கு இரண்டு பக்கமும் ஆள் உண்டு. இந்தப் பக்கம் தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர். அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, புனலூர், கொல்லம், அப்புறம் திருவனந்தபுரத்தில் சிலர். எழுதுவது தமிழில், குரல் செய்தி பாதி மலையாளத்தில். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த ஊர்தானே. கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு 1904இல் ரயில் வந்த பிறகு எஸ்டேட் வேலை, மில் வேலை, ரயில்வே உத்தியோகம், சம்பந்தம் பண்ணுவது என்று சனம் கணவாயைத் தாண்டிப் போய்வந்தபடியே இருந்தது. குடிபோனவர்களோடு கிராமபோனும் போனது. அதனால் புனலூர் வீட்டுப் பரணில் தமிழ் நாடகப் பாட்டுத் தட்டு கிடைத்தால் நாங்கள் யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

எதிர்த் திசையிலும் இதே கதைதான். யேசுதாஸ் 1980இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய தரங்கிணி இசைத்தட்டுக் கம்பெனியின் எல்பி, அதாவது பின்னால் வந்த வினைல் தட்டு, தென்காசிப் பக்கத்துப் பழைய மைக்செட்காரர் வீட்டில் கிடைக்கும். மைக்செட் வீட்டுத் தட்டை நடுவில் ஒட்டிய லேபிளைப் பார்த்தே சொல்லிவிடலாம். பாடகர் பெயருக்கு மேலேயே சிவப்புப் பெயின்ட்டில் சவுண்ட் சர்வீஸ் பெயர் எழுதியிருக்கும், இரவல் போனால் திரும்பி வரவேண்டுமே என்று. கோயில் கொடை, கல்யாணம், சடங்கு என்று ஓடி ஓடித் தேய்ந்த தட்டுகள் அவை. ஊசியைப் பிடித்திருக்கும் கனமான பிக்கப்பும் மாற்றாத ஊசியும், ஊசி ஓடும் பள்ளத்தை உழுது வைத்திருக்கும்.

இப்படி இரண்டு பக்கமும் கலந்து கிடப்பதால் எங்களுக்குள் பழக்கம் மாற்றிக்கொள்வதுதான். தமிழ்த் தட்டு அந்தப் பக்கத்தவர் கண்ணில் பட்டால் இந்தப் பக்கம் ஒரு வார்த்தை சொல்வார்கள். மலையாளத் தட்டு கிடைத்தால் நாங்கள் அவர்களிடம் சொல்வோம். காசுப் பேச்சு கடைசியில்தான் வரும். வந்தாலும் தனியாகத்தான் வரும்.

போட்டோவில் இருந்தது

கண்டெடுத்தவர் செங்கோட்டையில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் புனலூர் போன இடத்தில், பக்கத்துத் தெருவில் ஒரு தமிழ் ஆச்சி வீட்டில் ஓடு மாற்றப் போவதாகவும் பரணில் ஒரு தகரப் பெட்டி நிறைய 'பிளேட்டு' இருப்பதாகவும் கேள்விப்பட்டார். போய்ப் பார்த்தார். முப்பது சொச்சம் 78 சுற்றுத் தட்டுகள், அதாவது நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய அரக்குத் தட்டுகள். ஆச்சியின் மாமனார் வாங்கியவை. மாமனார் மில்லில் கணக்கு எழுதியவர். ஆச்சி ஆயிரம் ரூபாய் கேட்டார், இவர் 1500 கொடுத்தார். கேட்டதற்கு மேலே கொடுத்த மனிதர் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் இவரைத் திருடன் என்று சொன்னவர்கள் உண்டு.

வீட்டை விட்டு இறங்குவதற்கு முன்பே, திண்ணையில் வைத்தே, மூன்று போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார். இந்த மூன்றையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதல் போட்டோவில் தட்டுகளைச் சிவப்புச் சிமென்ட் தரையில் சீட்டுக்கட்டு விரிப்பது போல ஒன்றன் மேல் ஒன்றாக விரித்து வைத்திருந்தார். உறை இல்லை. பார்த்தவுடன் பெரிய அண்ணாச்சி ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். அரக்குத் தட்டில் கற்பொடியும் கலந்திருக்கும், ஒன்றோடு ஒன்று உரசினால் இரண்டுக்குமே கீறல்தான். ஆனால் விவகாரத்தைக் கிளப்பியது தட்டுகள் அல்ல, அவற்றுக்குப் பின்னால் தெரிந்த கேட். கேரளத்தில் வீட்டுக்குப் பெயர் வைத்துக் கேட்டில் எழுதுவது வழக்கம். வீட்டுப் பெயர் எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரித் தெளிவாக இருந்தது. கேட்டுக்கு அப்பால் எதிர்க்கடையின் போர்டு, பாதி.

இரண்டாவது போட்டோவில் நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் தட்டு. ஒரு கையில் தூக்கிப் பிடித்து, கட்டைவிரலைப் பள்ளத்தின் மேல் நன்றாக அழுத்தி வைத்து, ஃபிளாஷ் போட்டு எடுத்திருந்தார். ஃபிளாஷ் வெளிச்சம் லேபிளின் மேலேயே விழுந்து தட்டு எண் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகிவிட்டது. பெயர் மட்டும் தெரிந்தது.

மூன்றாவது, ஒரு உறைக்குள்ளிருந்து விழுந்த காகிதம். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய புரோநோட்டு. யார், யாரிடம், எவ்வளவு என்று எல்லாம் படிக்கலாம். கீழே கையெழுத்து.

படங்களுக்கு அடியில் அவர் எழுதியது: "இன்னைய வேட்டை! கிட்டப்பா, 1926 ஒரிஜினல், மின்ட் கண்டிஷன். மொத்தப் பெட்டியும் 1500தான். கூடவே ஒரு போனஸ் பத்திரம். எங்கேன்னு மட்டும் கேக்காதீங்க!"

கேட்க வேண்டிய அவசியமே இல்லை, கேட்டில் எழுதியிருந்தது.

வந்த பதில்கள்

செங்கோட்டைக்காரர்களுக்குக் கிட்டப்பா தட்டு என்றால் சாமி படம் மாதிரி. செங்கோட்டை கங்காதர கிட்டப்பா 1906இல் பிறந்தவர், 1933 டிசம்பரில் 27 வயதிலேயே போய்விட்டார். தமிழ் பேசும்படம் 1931இல் வந்தும் அவர் படத்தில் நடிக்கவில்லை. அந்தக் குரலில் நமக்கு மிஞ்சியிருப்பது 78 சுற்றுத் தட்டுகளில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சமாகப் பதிந்ததுதான். அப்படிப்பட்ட தட்டைக் காட்டினால் குழு கொதிக்காமல் என்ன செய்யும்?

வாழ்த்து நிறைய வந்தது. அதில் குறையில்லை. அடுத்து வழக்கமான ஆள், "என்கிட்ட இது ரெண்டு காப்பி இருக்கு" என்றார். எந்தக் குழுவிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரிடம் எப்போதும் எல்லாமே ரெண்டு காப்பி இருக்கும், போட்டோ மட்டும் வராது. இன்னொருவர் எல்லோர் முன்னாலும் "கொடுக்கிறதா இருந்தா ரேட் சொல்லுங்க" என்றார். ஒருவர் சந்தோஷத்தில் காட்டுகிற பொருளுக்கு அங்கேயே விலை கேட்பது, பந்தியில் இலை போட்டதும் மொய் எவ்வளவு என்று கேட்பதற்குச் சமம். வேண்டுமானால் தனியாகக் கேட்கலாம், அதுவும் ரெண்டு நாள் கழித்து. இதெல்லாம் சின்னச் சங்கடம், விட்டுவிடுவோம்.

திருவனந்தபுரத்தில் படிக்கும் ஒரு பெண் மட்டும்தான் உருப்படியான கேள்வி கேட்டார். "அண்ணா, லேபிளை நேரா வச்சு ஒரு படம் போட முடியுமா? தட்டு எண்ணும், லேபிளை ஒட்டிப் பள்ளம் இல்லாத இடத்தில் பதிஞ்சிருக்கிற மேட்ரிக்ஸ் எண்ணும் வேணும்." கிட்டப்பா பாடிய பக்கங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார் அவர். அதற்கு நம்ம ஆள் ஒரு சிரிப்புப் படம் போட்டு, "அது தொழில் ரகசியம்" என்றார்.

ரகசியமாக வைக்க வேண்டியது அதுவா? இந்த விவகாரத்தில் எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அதுதான். மேட்ரிக்ஸ் எண் பதிவின் அடையாளம். அதைச் சொன்னால் தட்டு குறையப் போவதில்லை. யாரும் அதை வைத்துக்கொண்டு வீடு தேடி வர முடியாது. அதே எண் கொண்ட தட்டு எங்கோ இன்னொருவரிடம் உடைந்து கிடந்தால், அவரிடம் இருப்பது எந்தப் பாட்டு என்று தெரிந்துகொள்ள உதவும். அவ்வளவு பிரயோஜனமான விவரத்தை மூடி வைத்துக்கொண்டு, புரோநோட்டைத் திறந்து காட்டினார்.

அடுத்தது ஆண்டுச் சண்டை. கொல்லத்து அண்ணாச்சி ஒருவர், அறுபது வருஷமாகத் தட்டு சேர்ப்பவர், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். லேபிளின் அடி ஓரத்தில் பொடி எழுத்தில் 'மேட் இன் இந்தியா, டம் டம்' என்று இருந்தது. கல்கத்தா டம் டம் தொழிற்சாலை 1928இல் வந்தது. அப்படியானால் இந்தத் தட்டு 1926இல் அச்சாகியிருக்க வாய்ப்பே இல்லை. பதிவு அதற்கு முந்தியதாக இருந்து, தட்டு பின்னால் மறுபடி அச்சாகியிருக்கலாம். கம்பெனிகள் நன்றாக விற்ற பாட்டின் அச்சை வைத்து வருஷக்கணக்கில் தட்டு போட்டுக்கொண்டே இருந்தன. அண்ணாச்சி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் சொன்ன விதம்: "லேபிள் படிக்கத் தெரியாதவன் எல்லாம் தட்டு சேர்க்க வந்துட்டான்."

அவ்வளவுதான். செங்கோட்டை, கொல்லம் என்று இரண்டு கட்சி கிளம்பிவிட்டது. செங்கோட்டைக் கட்சிக்கு டம் டம் எப்போது வந்தது என்பது முக்கியமே இல்லை, நம்ம ஊர் ஆளை எப்படிச் சொல்லப் போச்சு என்பதுதான். 'மின்ட்' வேறு இடையில் மாட்டிக்கொண்டது. தரம் போடும் பட்டியல்களில் மின்ட் என்பது உச்சிப் படி, கை படாத சரக்கு. மாமனார் காலத்தில் இரும்பு ஊசியில் ஓடிய தட்டு எப்படி மின்ட் ஆகும்? பளபளப்பைப் பார்த்துத் தரம் சொல்வதே ஆபத்து. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பள்ளம் சாம்பல் பூத்திருப்பது தெரியும், ஓட்டினால் இரைச்சல் தெரியும். ஓட்டாமல் கண்ணால் பார்த்து மட்டும் தரம் போட்டால் 'பார்வைக்கு' என்று ஒரு வார்த்தை சேர்ப்பதுதான் நாணயம்.

இந்தச் சண்டைக்குள் ஒரு யோசனை நுழைந்தது. தட்டில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிகிறதே, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் போய்விடும் என்று ஒருவர் எழுதினார். எல்பிக்கு அவர் அப்படித்தான் செய்வாராம். நல்ல எண்ணம்தான். நம்ம ஆள் அன்று ராத்திரியே கை கழுவும் சானிடைசரை (அதிலும் இருப்பது ஸ்பிரிட்தான்) பஞ்சில் நனைத்து, நல்ல வேளை கிட்டப்பா தட்டில் இல்லை, வேறொரு தட்டில் ஒரு ஓரத்தைத் துடைத்தார். பஞ்சு கறுத்தது. அழுக்கு வருகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் அழுத்தினார். துடைத்த இடம் மங்கி, தொட்டால் பிசுபிசு என்று ஒட்டியது. பஞ்சில் வந்தது அழுக்கு இல்லை, தட்டு. 78 சுற்றுத் தட்டில் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருப்பது அரக்கு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். தச்சர்கள் அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே பாலிஷ் போடுகிறார்கள். வினைல் எல்பிக்குச் சரியாக இருக்கும் யோசனை அரக்குத் தட்டுக்கு எமன். டிஸ்டில்டு தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, மெல்லிய பிரஷ், லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்வது, உடனே ஒற்றி நிழலில் உலர்த்துவது. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். எந்த வகைத் தட்டு என்று கேட்காமல் யோசனை சொல்வதை இப்போது குழுவில் யாரும் செய்வதில்லை, ஏனென்றால் அந்தப் பிசுபிசுத்த ஓரத்தின் படத்தை நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

புனலூரில் நடந்தது

குழுவில் இவ்வளவு சண்டை நடந்தபோது ஒருவர் மட்டும் ஒன்றுமே எழுதவில்லை. திருவனந்தபுரத்துப் பழைய பொருள் வியாபாரி. அவர் கேட்டில் இருந்த பெயரைப் படித்தார், எதிர்க்கடை போர்டைப் படித்தார், அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு ஆச்சி வீட்டு வாசலில் போய் நின்றார்.

மீதித் தட்டு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும், "செங்கோட்டைக்காரர் உங்களை ஏமாத்திட்டார், அதுல ஒரே தட்டு பல ஆயிரம் போகும்" என்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து உருளி இருக்கிறதா, நிலவிளக்கு இருக்கிறதா என்று விசாரித்தார். அவர் போன பிறகும் ஓயவில்லை. படம் எங்கெங்கோ கைமாறிப் போய், பித்தளைச் சாமான் தரகர்கள் இரண்டு மூன்று பேர் அதே வீட்டுக்கு வந்தார்கள். தனியாக இருக்கும் வயதான மனுஷி. கேட்டைப் பூட்டி வைக்க ஆரம்பித்தார்.

நான் பார்க்கப் போனபோது ஆச்சி விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "நான் கேட்டதுக்கு மேலதான் அந்தத் தம்பி குடுத்தாரு. ஆனா எதுக்கு ஒவ்வொரு ஆளா அனுப்பிக்கிட்டே இருக்காரு?" என்றார். வந்தவர்கள் எல்லோரையும் நம்ம ஆள் அனுப்பியதாகவே அவர் நினைத்திருக்கிறார். போட்டோவைப் பார்த்து வந்தார்கள் என்று நான் விளக்கியது அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. "போட்டோவுல நான் இல்லையே" என்றார்.

புரோநோட்டு அதைவிட மோசம். அதில் கையெழுத்துப் போட்டிருந்தவர் பக்கத்து வீட்டுக்காரரின் அப்பா. ஆச்சியின் மாமனாரிடம் எப்போதோ கைமாற்று வாங்கியிருக்கிறார். அடைத்தாரா இல்லையா என்பது இரண்டு வீட்டிலும் இப்போது இருப்பவர் யாருக்கும் தெரியாது. சட்டப்படி செல்லாக் காகிதம். ஆனால் 'போனஸ் பத்திரம்' படம் சுற்றிச் சுற்றிப் பக்கத்து வீட்டுக்காரரின் மருமகன் போனுக்கே வந்துவிட்டது. செத்துப்போன அப்பா கடன்காரர் என்று ஊர் சிரிக்கிறது என்று அவருக்கு வருத்தம். ஆச்சிக்கு மருந்து வாங்கித் தருவது, கரண்ட் பில் கட்டுவது எல்லாம் அந்த வீட்டுப் பையன்தான். சில வாரம் அவன் வரவில்லை.

வளைகுடாவில் இருக்கும் ஆச்சியின் மகன் நம்ம ஆளுக்குக் கோபமாகப் போன் செய்தது இதற்காகத்தான். விலைக்காகத்தான் மகன் கூப்பிடுகிறார் என்று நம்ம ஆள் நினைத்து, "பெட்டியைத் திருப்பித் தந்துடறேன் சார்" என்றிருக்கிறார். "பெட்டி யாருக்கு வேணும்? எங்கம்மாவுக்கு நாளைக்கு ஒரு அவசரம்னா கூப்பிடுறதுக்கு ஆள் வேணும்" என்றாராம் மகன்.

குழுவில் அந்த நேரத்தில் நாங்கள் 1926ஆ 1928க்குப் பிறகா என்று இன்னமும் அடித்துக்கொண்டிருந்தோம்.

விலையைச் சொல்வதா

பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். ஆரியங்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில், நேரில். எழுத்தில் பேசினால் மறுபடி இரண்டு கட்சியாகும் என்று பயம். கொல்லத்து அண்ணாச்சி வந்ததே பெரிய விஷயம்.

வீட்டைக் காட்டக் கூடாது என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. கேட், வாசல், நம்பர், தேதி கிழிக்கும் காலண்டரில் அச்சடித்த கடைப் பெயர் எதுவும் படத்தில் வரக் கூடாது, தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து வெறும் துணி மேல் வைத்து எடுக்க வேண்டும். தென்காசியில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பி ஒரு விஷயம் சேர்த்தார். கேமராவில் லொகேஷன் போட்டிருந்து, படம் தெளிவாக இருக்கட்டும் என்று டாக்குமென்ட்டாக அனுப்பினால், எடுத்த இடமும் படத்துக்குள்ளேயே போய்விடும். எங்களில் பாதிப் பேர் அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

உறைக்குள் இருக்கும் காகிதம் விற்ற வீட்டுக்குச் சொந்தம் என்பதும் சட்டென்று முடிவானது. கடிதம், ரசீது, போட்டோ, ஜாதகக் குறிப்பு எதுவானாலும் தட்டை விற்றவர் அதையும் சேர்த்து விற்கவில்லை. தட்டுக் கடையின் முத்திரை குத்திய பழுப்பு உறை வேறு. அது தட்டோடு வந்தது, எந்த ஊர்க் கடையில் விற்றது என்று சொல்வது, அதைக் காட்டலாம், காட்டவும் வேண்டும்.

இழுத்தது விலைதான். எங்கள் பெரியவர்கள் பலருக்கு, மலிவாக வாங்கிய விலையைச் சொல்வது அநாகரிகம். விற்றவர் காதுக்குப் போனால் மனசு கஷ்டப்படும், அடுத்து போகிறவருக்கு அந்த விலையே வழக்கமாகிவிடும், வியாபாரிக்குத் துருப்புச் சீட்டு. படிக்கிற பெண் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "யாருமே விலை சொல்லலன்னா அந்த ஆச்சி மாதிரி ஆளுங்களுக்கு நியாய விலை எப்பத் தெரியும்? நீங்க மறைக்கிறது அவங்க மனசுக்காக இல்ல, உங்க பைக்காக" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, டீ வந்தது.

அந்தப் பெண் சொன்னதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் குழுவில் விலை போடுவதால் ஆச்சிக்கு எதுவும் தெரியப் போவதில்லை, அவர் குழுவில் இல்லை. அவருக்குத் தெரிய வேண்டுமானால் வாங்குகிறவர் வாங்கும்போதே, "ஆச்சி, இதுல ஒண்ணு ரெண்டு நல்ல விலைக்குப் போகலாம், மீதிக்கு மதிப்பு கம்மி" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நானும் மற்றவர்களும் அதைத்தான் வலியுறுத்தினோம். அப்படிச் சொல்லிவிட்டு வாங்கினவர் குழுவில் விலை போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். சொல்லாமல் வாங்கினவர் போட்டால் அது விற்றவரைக் கேலி செய்வதுதான். பெண் இதை ஒத்துக்கொண்டாரா என்றால், முழுசாக இல்லை. எல்லாத் தட்டுக்கும் விற்ற விலைப் பட்டியல் ஒன்று பொதுவில் வேண்டும் என்கிறார். டிஸ்காக்ஸ் மாதிரி இணையத் தட்டுச் சந்தைகளில் எல்பிக்கு அது இருக்கிறது, நம் 78 தட்டுகளுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தப் பேச்சு முடியவில்லை.

திருத்தம் சொல்லும் விஷயத்தில் அண்ணாச்சியே இறங்கி வந்தார். தப்பைப் பார்த்தால் முதலில் தனியாகச் சொல்வது, அவரே குழுவில் திருத்திப் போட விடுவது. அவர் திருத்தவில்லை என்றால் லேபிள் படத்தோடு ஒருவர் ஒரே ஒரு முறை எழுதுவது. தட்டு விற்பனைக்கு வந்திருந்தால் மட்டும் தனியாகச் சொல்லிக் காத்திருக்க வேண்டாம், அங்கே தப்பான ஆண்டு என்பது யாரோ ஒருவரின் பணம்.

பாட்டைப் பதிவு செய்து போடுவது பற்றியும் கொஞ்சம் பேச்சு வந்தது. நம் காப்புரிமைச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுக் கணக்கு. கிட்டப்பா காலத்துப் பதிவைப் போடுவதில் அந்த வகையில் தடை இல்லை. 80களின் எல்பியைப் போட்டுவிட்டு, "என்கிட்ட ஒரிஜினல் இருக்கு, அதனால போட்டேன்" என்றால் செல்லாது. தட்டு நம்முடையது, பாட்டு நம்முடையது இல்லை. இன்னொன்று, கிராமபோனில் ஓடுவதை வீடியோ எடுத்துப் போடுகிறவர்கள் இரும்பு ஊசியைப் பக்கத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டும். ஒரே ஊசியில் பத்துத் தட்டு ஓட்டிக் காட்டும் வீடியோவைப் பார்த்தால் எனக்குப் பல் கூசும். எல்பியைக் கிராமபோனில் வைத்து ஓட்டிக் காட்டினவரைக் குழுவிலிருந்து எடுத்தே விட்டோம். அந்த ஒரு விஷயத்தில் விசாரணை எல்லாம் கிடையாது.

இப்போது

நம்ம ஆள் புனலூருக்கு மறுபடி போனார், புரோநோட்டை எடுத்துக்கொண்டு. ஆச்சி அதைக் கையில் வாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுக்கச் சொன்னார். அவர் அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு, கிழித்ததை ஒரு போட்டோ எடுத்து உங்கள் குழுவில் போடுங்கள் என்றார். நம்ம ஆளுக்குப் போடுவதா வேண்டாமா என்று குழப்பம். என்னைக் கேட்டார். கிழித்தவரே கேட்கிறார், போடுங்கள் என்றேன். போட்டார். பையன் மறுபடி மருந்து வாங்கித் தருகிறான். கேட் பூட்டு மட்டும் இன்னும் இருக்கிறது. தரகர்களுக்கு யார் போய்ச் சொல்வது? வியாபாரியைக் குழுவிலிருந்து எடுத்தோம். அவர் வேறு மூன்று குழுவில் இருக்கிறார்.

கிட்டப்பா தட்டின் லேபிளைச் சாய்ந்த வெளிச்சத்தில் நேராக வைத்துப் படம் எடுத்து, மேட்ரிக்ஸ் எண்ணையும் டார்ச் அடித்துப் படித்து, படிக்கிற பெண்ணுக்கு அனுப்பினார். அவர் பட்டியலில் அந்த எண் முன்பே இருந்தது, வேறு லேபிளில் வந்த இன்னொரு அச்சாக. ஆக, பதிவு ஒன்று, தட்டு இரண்டு. அது பின்னால் வந்த அச்சு என்பது உறுதியானதும் நம்ம ஆள் முகம் சுண்டவில்லை, உண்மையில் கொஞ்சம் நிம்மதிதான் என்றார். நாகர்கோவிலில் 78க்கான அகல முனை ஊசி வைத்திருக்கும் ஒருவர் பெட்டி முழுவதையும் ஓட்டிப் பதிவு செய்து கொடுத்தார். எல்பி ஊசி மெல்லியது, அந்தப் பள்ளத்தின் அடியில் கிடந்து இரைச்சலைத்தான் பொறுக்கும். பதிவை மகனுக்கு அனுப்பினோம். அவர் என்னென்ன கேட்டார், கேட்டாரா என்றே தெரியவில்லை. நன்றி என்று ஒரு வரி வந்தது.

போன மாதம் நம்ம ஆளுக்குக் கடையநல்லூரில் ஒரு தரங்கிணி எல்பி கிடைத்தது. வெள்ளைத் துண்டின் மேல் வைத்து, இரண்டு பக்க லேபிளும் நேராக, தட்டு எண், மேட்ரிக்ஸ் எண், "பார்வைக்கு நன்றாக இருக்கிறது, இரண்டாம் பக்கம் முதல் பாட்டில் ஒரு கீறல், நகத்தில் தட்டுப்படுகிறது" என்று எழுதிப் போட்டார். எந்தக் குறையும் சொல்ல முடியாத பதிவு. அதற்கு நாலே நாலு பேர் பதில் எழுதினார்கள். கிட்டப்பா போட்டோவுக்கு நூற்றுக்கு மேல் வந்ததே அண்ணாச்சி, என்று என்னிடம் கொஞ்சம் வருத்தப்பட்டார். நாலில் ஒன்று கொல்லத்து அண்ணாச்சியுடையது. தன்னிடம் இருக்கும் ஒரு தமிழ் ஈபிக்கு (எல்பியைவிடச் சின்ன வினைல் தட்டு) மாற்றிக்கொள்வாரா என்று கேட்டிருந்தார். தனியாகத்தான் கேட்டார்.